கூட்டத்தைக் கண்ட கண்கள்

சில நூல்கள் படிக்கப்படாமலேயே மக்களை ஆளுகின்றன. அமெரிக்க உயிரியல் பேராசிரியர் பால் எர்லிக் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மக்கள்தொகை வெடிகுண்டு' அத்தகையதொரு நூல். நம் பங்குமக்களுள் அதனைக் கையில் எடுத்தவர் அரியர். ஆயினும் கும்மிடிப்பூண்டி மின்தொடர்வண்டியில் நிற்கவும் இடமில்லாதபோது, "சனம் பெருத்துப் போச்சு, இனி நாடு எங்கே உருப்படும்?" என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, அப்போது நம் வாயில் பேசுவது அந்நூலே. ஆதலின் அதனைச் சற்று நின்று ஆராய்வது நமக்குப் பயன்தரும்.

நூல் ஒரு காட்சியோடு தொடங்குகிறது. ஆசிரியர் தம் மனைவியோடும் மகளோடும் டில்லியில் ஓர் இரவு வாடகைக் காரில் செல்கிறார். வெப்பமும் புழுதியும் புகையும் சூழ்ந்திருக்கின்றன. தெருவெங்கும் உண்பவர், குளிப்பவர், உறங்குபவர், கையேந்துபவர். மக்கள் பெருக்கத்தை அதுவரை அறிவால் மட்டுமே அறிந்திருந்த தாம், அன்றிரவே அதனை உணர்வால் அறிந்ததாக அவர் எழுதுகிறார். எழுத்தாக நோக்கின் அப்பகுதி வலிமை வாய்ந்தது. படிப்பவர் நெஞ்சில் அச்சம் அப்படியே குடியேறுகிறது. ஆனால் அக்காட்சியில் ஒருவருக்கேனும் பெயரில்லை, ஊரில்லை. இவர்கள் ஏன் இத்தெருவில் வந்து படுத்திருக்கிறார்கள் என்ற வினாவும் இல்லை.

அவ்வினாவை எழுப்பியிருந்தால் நூல் வேறாகியிருக்கும். 1966-இல் டில்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 லட்சம். அதே காலத்தில் பாரிஸ் மாநகரிலும் அதன் புறநகர்களிலும் வாழ்ந்தவர் ஏறத்தாழ 80 லட்சம். பாரிஸ் தெருக்களில் நிறைந்த கூட்டத்தை உலகம் நாகரிகம் என்றது. டில்லித் தெருக்களில் நிறைந்த கூட்டத்தை வெடிகுண்டு என்றது. ஆசிரியர் அன்றிரவு கண்டது மக்களின் மிகுதியை அன்று. வீடும் குடிநீரும் இன்றி, பிழைப்பைத் தேடித் தலைநகருக்கு வந்தோரின் வறுமையை. நோயைத் தவறாகக் கண்டவர், மருந்தையும் தவறாகவே எழுதினார்.

1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று நூல் அறுதியிட்டுக் கூறியது. தேறும் நம்பிக்கையற்ற நாடுகளுக்கு உணவுதவி அளிப்பது வீண் என்ற வாதத்தையும் அது ஏற்றுக்கொண்டது. அந்நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது. நடந்ததோ வேறு. சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராயிருந்து வழிவகுக்க, எம். எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர் உழைக்க, 1964–65-இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாயிருந்த நம் கோதுமை விளைச்சல் 1970–71-இல் 2.3 கோடி டன்னைக் கடந்தது. பஞ்சங்கள் நிகழவே இல்லை என்று கூறவில்லை. 1974-இல் வங்காளதேசத்தில் நிகழ்ந்தது. ஆனால் அத்தகைய பஞ்சங்களை ஆராய்ந்த அமர்த்தியா சென், தானியம் இல்லாமையைவிட, இருக்கும் தானியத்தைப் பெறும் வழி ஏழைக்கு இல்லாமையே சாவுக்குக் காரணம் என்று 1981-இல் நிறுவினார்.

பொய்த்த கணிப்புகளும் காயப்படுத்தும். எர்லிக் எழுதிய அதே 1968-இல் வெளிவந்தது திருத்தந்தை ஆறாம் பவுலின் 'மனித உயிர்' சுற்றுமடல். மக்கள் பெருக்கம் பற்றிய அச்சத்தை அது மறைக்கவில்லை. ஆயினும், ஆட்சியாளர் தமக்குகந்த முறையைக் குடும்பங்கள் மீது சுமத்த முற்படலாம் என எச்சரித்தது. எட்டாண்டுகளில் அது நம் நாட்டில் நிகழ்ந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் இலக்கு வகுக்கப்பட்டது. இலக்கை நிரப்ப ஏழையின் உடல் தேவைப்பட்டது. இதற்கு அந்நூல் ஒன்றே காரணம் என்பது நேர்மையாகாது. எனினும் மனிதரை உபரி என்று கருதிய அக்கால அச்சத்தை வளர்த்ததில் அதற்கும் பங்குண்டு.

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தில் 2001-இல் 27,54,756 பேர் இருந்தனர். 2011-இல் 37,28,104 பேர். பத்தாண்டில் வளர்ச்சி 35 விழுக்காடு. தமிழகம் முழுவதும் வளர்ந்ததோ 15.6 விழுக்காடே. இவ்வேறுபாடு தொட்டில்களால் வந்ததன்று. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள், தலைமுறையை நிலைநிறுத்தத் தேவையான 2.1-க்கும் அது குறைவு. 'நாமிருவர் நமக்கிருவர்' என்று சுவர்தோறும் எழுதிய நாட்டில், 2024-லும் 2025-லும் ஆந்திர, தமிழக முதலமைச்சர்களே குழந்தைகளைப் பெறுமாறு கேட்கலாயினர். அன்று இம்மாவட்டத்தில் அடங்கியிருந்த அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பிழைப்பு நாடி மக்கள் வந்தனர். அதனாலேயே இவ்வளர்ச்சி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றியுள்ள இரும்புக் கம்பி ஆலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தார் இன்று உழைக்கின்றனர். அவர்கள் தாமாக வந்து நெருக்கியவர் அல்லர். ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, வந்தனர். ஓர் அறையில் பத்துப் பேர் உறங்குகிறார்கள் எனில், எங்கோ ஒரு தாய் மிகுதியாகப் பெற்றதால் அன்று. கைகளை மட்டும் விரும்பிய நாம், அக்கைகளுக்கு உரிய உடல் உறங்கவும் குளிக்கவும் வேண்டும் என்பதை எண்ணவில்லை. பகலில் அவர்கள் உழைப்பை வாங்கிக்கொண்டு, மாலையில் "வடக்கன் கூட்டம்" என்று முகம் சுளிக்கும்போது, டில்லி வாடகைக் காரின் இருக்கையில் நாமே அமர்ந்திருக்கிறோம்.

எர்லிக்கின் அச்சத்தில் உண்மையே இல்லையா? உண்டு. இப்புவிக்கு எல்லையுண்டு. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் வறண்டதைக் கண்ட நமக்கு அதனை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டியது. 2080-களில் ஏறத்தாழ 1,030 கோடியை எட்டிப் பின் குறையும் என்பது ஐ.நா. 2024-இல் வெளியிட்ட கணிப்பு. "பெற்றுக்கொண்டே போ, கடவுள் படியளப்பார்" என்று திருச்சபை கூறவில்லை. 1967-இல் வந்த 'மக்களின் முன்னேற்றம்' சுற்றுமடல், விரைந்த பெருக்கம் வளர்ச்சிக்குச் சுமையாவதை ஒப்புக்கொண்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுப்புணர்வோடு முடிவுசெய்யும் கடமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் இன்னொரு படி சென்றார். சிலரது கட்டற்ற நுகர்வை விட்டுவிட்டு, மக்கள் பெருக்கத்தின் மீது பழிபோடுவது உண்மைச் சிக்கலை எதிர்கொள்ள மறுப்பதாகும் என்றார். குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவரையும் தினமும் மகிழுந்தைக் கழுவுபவரையும் ஒரே தலையாக எண்ணும் கணக்கு, நேர்மையான கணக்கன்று.

பாலைநிலத்தில் ஒரு பெருங்கூட்டத்தைச் சீடரும் கண்டனர், இயேசுவும் கண்டார். அனுப்பிவிடும் என்றனர் சீடர். அவருக்கோ அவர்கள்மேல் பரிவு எழுந்தது. மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டவர் முதலில் எண்ணிப் பார்க்கச் சொன்னது அப்பங்களை, தலைகளை அன்று. உண்டவரின் எண்ணிக்கையை நற்செய்தியாளர் சொல்வதோ, அனைவரும் வயிறார உண்ட பின்னரே. நம் கணக்கு இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோருள் கத்தோலிக்கரும் உண்டு. அவர்கள் நம் ஆலயங்களின் கடைசி வரிசையில் மொழி புரியாமல் நிற்கிறார்கள். அவர்களின் பெயரையும், எந்த ஊர் என்பதையும், எங்கே தங்குகிறார்கள், தண்ணீர் வருகிறதா என்பதையும் நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அறைகளை வாடகைக்கு விடுவோர் நம் பங்கிலும் இருக்கிறார்கள். வேலைக்கு ஆள் வைப்போரும் இருக்கிறார்கள். மக்கள்தொகையைப் பற்றிய நம் கருத்து எதுவென்பதை அவ்வறையின் அளவும் அக்கூலியின் அளவுமே சொல்லும்.