மோட்டார் கொட்டகைக்கு ஒரு போன்

ஐந்து ஆறுகளைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் திருவையாற்றில், புஷ்ய மண்டபப் படித்துறையில், வைகாசி மாதத்து நடுப்பகலில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கிறவருக்கு, இது நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் நினைவுக்கு வருவதற்கு முன்னால், ராஜபுதனத்து மணற்காடு ஒன்றை யாரோ பெயர்த்துக்கொண்டு வந்து இரண்டு கரைகளுக்கும் நடுவே கிடத்திவிட்டார்களோ என்ற சந்தேகந்தான் முதலில் வரும். ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடி ஜூன் 12-ல் திறப்பது சம்பிரதாயம். இடைப்பட்ட நாலரை மாதமும் பயிரையும் தென்னையையும் வாழையையும் காப்பாற்றுவது காவிரி அல்ல, பூமிக்குள் இறக்கிய குழாயும் அதன் தலையில் மாட்டிய மோட்டாரும்தான்.

அந்த மோட்டாரை வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் கூப்பிட்டு ஓட்டவும் நிறுத்தவும் உதவுகிற ஒரு பெட்டியை, மாசிக் கடைசியில் எங்கள் கொட்டகைச் சுவரில் மாட்டி, கத்திரி வெயில் முடிகிற வரையில் உபயோகித்துப் பார்த்தேன். இந்த யோசனை புதிதல்ல. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால் ‘நானோ கணேஷ்’ என்ற பெயரில் இத்தகைய கருவியை வெகுநாள் முன்பே செய்து காட்டினார். இன்று கோயமுத்தூர்ப் பக்கத்துச் சரக்கு உட்படப் பல தினுசுகள் கடையில் கிடைக்கின்றன. நமது வேளாண்மைப் பொறியியல் துறையும் மானியம் கொடுத்து வந்திருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. நாம் பதிவு செய்துவைத்த நம்பர்களிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அது எடுக்கும். எடுத்ததும், மூன்று பேஸும் வருகின்றனவா, மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைப் பெண்குரலில், ஓரளவு அச்சடித்த தமிழில், சொல்லும். ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். போர் வற்றித் தண்ணீர் ஏறாமல் மோட்டார் வெறுமனே சுழன்றால், அது இழுக்கிற ஆம்பியர் குறைவதைக் கொண்டு அறிந்து அப்போதும் நிறுத்திவிடும். இந்த இரண்டாவது குணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை விற்பனைக்காரர் எனக்குச் சொல்லவில்லை. மாசியில், தண்ணீர் மேலே நிற்கும்போது பார்த்த ஆம்பியரை வைத்து அளவு குறித்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் நீர்மட்டம் இறங்கி, குழாயில் வருகிற தண்ணீர் மெலிந்ததும், போரில் தண்ணீர் இருக்கும்போதே, ‘தண்ணீர் இல்லை’ என்று அது தினம் நாலு முறை நின்றது. மறுபடி அளவு குறித்த பிறகே சமாதானமாயிற்று. ஆகையால் சித்திரை பிறந்ததும் ஒரு தரம் மெக்கானிக்கை வரவழைத்து இந்த அளவைப் புதுப்பித்துக்கொள்வது உத்தமம்.

இதனால் கிடைத்த பெரிய லாபம் கால்வலி குறைந்தது அன்று. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலங்களில், நடுநிசியில் கரண்டு வந்ததும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வரப்பு மேல் ஓடிய சந்ததி எங்களுடையது. கோடையில் ஊரெல்லாம் வறண்டு கிடக்க, ஈரமும் குளிர்ச்சியும் இருக்கிற ஒரே இடம் மோட்டார் கொட்டகை என்பதை மனிதரைக் காட்டிலும் பாம்புகள் நன்றாக அறியும். அதிலும் கட்டுவிரியன் இரவில்தான் சஞ்சரிக்கும். ஈரக் காலோடு இருட்டில் தகரப் பெட்டியைத் தடவி ஸ்விட்சு போடுவதில் உள்ள அபாயமோ அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. இந்த இரண்டு அபாயங்களிலிருந்தும் விலக்கி வைக்கிற ஒரே காரணத்துக்காகவே இந்தப் பெட்டிக்குக் கொடுத்த சில ஆயிரம் ரூபாய் தகும் என்பேன்.

ஆனால் தன் பங்குக்கு இது ஒரு புதிய அபாயத்தையும் கொண்டுவந்திருக்கிறது. கரண்டு வந்ததும் தானே மோட்டாரைக் கிளப்பும் ‘ஆட்டோ’ முறை இதில் உண்டு. ஒருநாள் பிற்பகல் போனிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டருக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கிறது, துடைத்துவிடுங்கள் என்று ஆளை அனுப்பினேன். அவர் போவதற்குள் கரண்டும் போயிருந்தது. மூடியைத் திறந்து திருப்புளியை அவர் உள்ளே நீட்டப் போகிற சமயத்தில் கரண்டு வர, ஆட்டோவில் கிடந்த யந்திரம் ‘டக்’கென்று பிடித்துக்கொண்டது. கை ஒரு சாண் தூரத்தில் நின்றது தெய்வாதீனம். போனில் நிறுத்துவது வேறு, மின்சாரத்தைத் துண்டிப்பது வேறு. மெயின் ஸ்விட்சை இறக்கி, பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் எந்த மூடியையும் திறக்க வேண்டும் என்பது அன்றுமுதல் எங்கள் கொட்டகையின் சட்டம்.

பெட்டி பார்த்துக்கொள்ளாத இன்னொன்று எர்த். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி, மண் காய்ந்துவிட்டால் வெறும் குழிதான். கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் அதற்கும் ஊற்ற வேண்டும். கூடவே, கசிவு கண்டவுடன் மின்சாரத்தை வெட்டுகிற உயிர்காக்கும் சாதனம் ஒன்றையும் மாட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், அதன் பெருமையை நான் விஸ்தாரமாகச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த, நாற்பது வருஷமாக மடை பார்க்கும் பெரியவர், “மோட்டார் ஓடுதுன்னு போன் சொல்லுது, சரிதான் தம்பி. தண்ணி எங்க ஓடுதுன்னு அது சொல்லுமா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். பத்து நாளில், நாற்றங்காலுக்கென்று இரவெல்லாம் ஓடிய தண்ணீர் முழுவதும், வரப்பிலிருந்த ஒரு நண்டு வளை வழியாக அடுத்த தரிசுக்குப் போய்த் தேங்கியிருந்தது. நாற்றங்கால் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. வீட்டில் எனக்கு, மோட்டார் நன்றாக ஓடுகிறது என்ற செய்தி மணிக்கொரு தரம் வந்துகொண்டிருந்தது. விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசமாகையால் ரொக்க நஷ்டம் எனக்கு இல்லை. கீழே இறங்கிய நீர்மட்டத்தை மேலே ஏற்றத்தான் வழி இல்லை. அதற்குப் பிறகு இரவில் ஒன்றரை மணிக்கு மேல் ஓடாதபடி நேரம் குறித்துவைத்தேன். அந்த வசதி கருவியில் இருக்கிறது, குறிக்கும் விதந்தான் கொஞ்சம் சிக்கல். மாலையில் மடையையும் வாய்க்காலையும் பார்த்து வளைகளை மிதித்து அடைத்துவிட்டு வருவது பெரியவரின் வேலையாகவே இருக்கிறது.

சில்லறைக் குறைகள் சில. நண்பகலில் தகரக் கூரையின் கீழ் பெட்டியைத் தொட்டால் கை சுடுகிறது. அப்போதெல்லாம் இரண்டு முறை கூப்பிட்டால்தான் எடுக்கிறது. கூரைமேல் கீற்று வேய்ந்த பின் இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றது. சிம் கார்டுக்குக் கெடு முடிந்தால் முன்னறிவிப்பு எதுவும் கிடையாது, ஊமையாகிவிடும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் இதற்கு வேலை இல்லையே, அதுவரை ரீசார்ஜ் செய்தால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து பிரிந்து, எங்கள் வாய்க்காலின் கடைமடைக்கு வந்து சேருகிற தேதியை யாராவது உறுதியாகச் சொல்லட்டும், அன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.