உல்லையின் தங்கூசியும் அந்தமானின் பாரையும்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து ஏ4 வீதியில் தெற்கே போனால் அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில் வரும். அதை ஒட்டிய உல்லையைத்தான் வெளியுலகம் அறுகம்பே என்று அறிந்து வைத்திருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அலைச்சறுக்குக்கு வருகிறவர்களில் சிலர் மீன்பிடிக்கவும் படகு கேட்கிறார்கள்.

கூட்டிப்போகிறவர் ஊர் மீனவர். படகும் அவர் அன்றாடம் தொழிலுக்குக் கொண்டுபோகும் கண்ணாடியிழைப் படகுதான். பின்னால் ஒரு எஞ்சின், நிழலுக்குக் கூரை கிடையாது. கட்டையில் சுற்றிய தங்கூசி நூலைக் கையில் தருவார். மீன் கடிப்பதை விரல்தான் சொல்லவேண்டும். பாரை, சூரை, அறக்குளா என்று எது கொழுவினாலும் அன்றைக்குக் கறி அதுதான். கடல் தந்த ரிஸ்க்கை, இறைவன் அளித்த உணவை, கடலிலேயே விட்டுவிட்டு வருவது இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் யாருக்கும் எளிதில் மனம் ஒப்பாத காரியம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் படகு கேட்டால் கிடைப்பதும் அரிது.

வங்கக் கடலின் மறுபக்கம், இந்தியாவின் அந்தமானில், பயணிகளை மீன்பிடிக்கக் கூட்டிப்போவதே தனித் தொழில். உல்லையில் வாடைக்காற்றில் கடல் குழம்பிக் கிடக்கும் மாதங்களில்தான் அங்கே பருவம் சூடுபிடிக்கும். போர்ட் பிளேயர், ஹேவ்லாக் பக்கமிருந்து விசேஷப் படகுகள் கிளம்பும். விலையுயர்ந்த தூண்டில் தடியை வீசி, நீர்மேல் துள்ளும் செயற்கை இரையால் பெரும்பாரையை வம்புக்கு இழுப்பார்கள். 30 கிலோ மீன்கூட ஒரு படம் எடுத்தபின் உயிரோடு கடலுக்கே போய்விடும். பெரும்பாரை சுமார் 60 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகே இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் என்பதால், பெரிய மீனை விடுவது அடுத்த தலைமுறையை விடுவதாகும். ஆனால் பல நாள் பயணத்துக்கு மொத்தமாக வாங்கும் அந்தப் பணத்தில், சிறுபடகு மீனவருக்குப் பங்கு குறைவு.

மீனை உயிரோடு விடுவது, உள்ளூர்க்காரர் கைக்குக் கூலி போவது என்ற இரண்டு நன்மையும் சேர்ந்த இடம் ஒன்று இருந்தது. கர்நாடகத்தில் பீமேஸ்வரி போன்ற காவிரிக்கரை முகாம்களில் மகசீர் மீனைப் பிடித்து விடுவதற்குப் பயணிகள் பணம் கட்டினார்கள். வழிகாட்டிகளாக வேலைசெய்த உள்ளூர்வாசிகளில், முன்பு திருட்டுத்தனமாக மீன்பிடித்தவர்களும் உண்டு. உயிருள்ள மீனால் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்ததால் ஆற்றைக் காவல் காத்தார்கள். பாதுகாக்கப்பட்ட வனங்களில் தூண்டிலுக்குத் தடை வந்ததும் 2010களின் தொடக்கத்தில் அந்தப் பிழைப்பு நின்றுபோனது.

உல்லையில் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கிறது. படகு மீனவருடையது, கூலியும் அவர் கைக்கே போகிறது. 2004 சுனாமியில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த, உல்லையும் சேர்ந்த அம்பாறைக் கரைக்கு இது சிறிய விஷயமல்ல. அந்தக் கூலியை வெளியூர் முதலாளியின் சொகுசுப் படகு தட்டிப் பறிக்க விடக்கூடாது.

அங்கே படகேறுவோர் முதலில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். கறிக்கு நடுத்தர மீன் ஒன்று போதும். பெரிய பாரை கொழுவினால் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த மீனின் விலையையும் சேர்த்துப் படகுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.