விதை எடுத்த நாய்க்குப் புராஸ்டேட் நோய் வராதா?

செல்லப்பிராணி வளர்ப்புக் குறிப்புகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ஆண் நாய்க்கு விதை எடுத்துவிட்டால் புராஸ்டேட் தொல்லையே வராது. இதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிதான் ஆபத்து.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். விதை எடுக்காத ஆண் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்தாறு வயதுக்கு மேல் புராஸ்டேட் சுரப்பி பெருக்கிறது. காரணம், விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். நாய் மலம் கழிக்க முக்கும், குறியின் நுனியில் ரத்தம் சொட்டும். அந்தச் சுரப்பியில் கிருமி புகுந்தால் வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். நிறுத்திய கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. விதை எடுத்தால் சுரப்பி மூன்று வாரத்தில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும், தொற்று திரும்புவதும் குறையும். ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் சுருக்கும்தான், ஆனால் நிறுத்தினால் மீண்டும் பெருக்கும். சீழ்க்கட்டியே ஆகிவிட்டால் விதை எடுப்பது மட்டும் போதாது. வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றி, அந்தக் குழிக்குள் ஓமெண்டம் என்கிற கொழுப்புத் திரையை நுழைத்துத் தைக்கிறார்கள். ரத்த ஓட்டம் நிறைந்த அந்தத் திரை, மிச்சக் கசிவை உறிஞ்சிக்கொள்ளும்.

சரி, எங்கே தப்பு? புற்றுநோயில்.

சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் நாய்களின் புராஸ்டேட்டை ஆராய்ந்துதான், அது விதையின் ஹார்மோனை நம்பி இருப்பதைக் காட்டினார். அந்தப் பாடம் மனிதர்களின் புராஸ்டேட் புற்றுக்குச் சிகிச்சையானது. 1966-ல் நோபல் பரிசும் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், நாயின் புராஸ்டேட் புற்று பெரும்பாலும் அந்த ஹார்மோனைச் சட்டை செய்வதில்லை. விதை எடுத்த நாய்களில்தான் அது கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. உடனே அறுவை சிகிச்சைதான் புற்றைக் கொடுக்கிறது என்று தாவிவிடக் கூடாது. நோயே அரிது, தொடர்பு வேறு, காரணம் வேறு.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். விதை எடுத்த பத்து வயது நாய் ஒன்று முக்குகிறது, சிறுநீரில் ரத்தம் போகிறது. அந்தக் குறிப்பைப் படித்தவர் புராஸ்டேட்டாக இருக்காது என்று மலச்சிக்கல் மருந்து கொடுத்து நாளைக் கடத்துவார். என் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன்: பிழை இங்கே வராது என்று எழுதி வைத்த இடத்தில் யாரும் தேடவே மாட்டார்கள்.

அந்தக் குறிப்பை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: விதை எடுத்தால் புராஸ்டேட் வீக்கமும் திரும்பத் திரும்ப வரும் தொற்றும் பெரும்பாலும் தீரும். அப்புறமும் புராஸ்டேட் பெருத்திருந்தால் அது அபாயச் சங்கு. அன்றைக்கே ஸ்கேன் எடுங்கள்.