போர்ச்சுகலின் நீல ஓடுகள்

போர்ச்சுகலைச் சுற்றிப் பார்ப்பவர்களின் பார்வையை ஊருக்கு ஊர் இழுப்பவை 'அசுலேஜு' எனப்படும் சுவர் ஓடுகள். தேவாலயம், அரண்மனை மட்டுமல்ல, சாதாரணக் குடியிருப்புகளின் முகப்பிலும் இவை பதிந்திருக்கின்றன.

சுட்ட களிமண் ஓட்டின்மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு ஏற்றப்படுகிறது. அது காய்ந்ததும் கோபால்ட் போன்ற உலோகச் சாயங்களால் படம் தீட்டி மறுபடி சூளையில் வைக்கிறார்கள். பூச்சு சாயத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால், இழுத்த கோட்டை அழித்துத் திருத்த வழியில்லை. மங்கலாகச் சூளைக்குள் போகும் கோபால்ட், வெளியே வரும்போது பளிச்சென்ற நீலமாகிவிடுகிறது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் முதலாம் மனுவேல், சிண்ட்ரா அரண்மனைக்காக ஸ்பெயினின் செவில்லிலிருந்து ஓடுகளை வரவழைத்தார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு ஓடுகளின் தாக்கத்தால் நீலமும் வெள்ளையும் செல்வாக்குப் பெற்றன.

போர்ட்டோவின் சாவோ பென்டோ ரயில் நிலைய முகப்புக் கூடத்தில் ஓவியர் ஜோர்ஜ் கொலாசோ தீட்டிய சுமார் 20,000 ஓடுகள் உள்ளன. 1415இல் வட ஆப்பிரிக்காவின் சேவுத்தா நகரைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றிய காட்சியும் அவற்றில் இடம்பெற்றுள்ளது. நெருங்கிப் பார்த்தால், ஒரே உருவம் பல ஓடுகளில் துண்டு துண்டாகத் தொடர்வது தெரியும்.

லிஸ்பனின் தேசிய ஓடு அருங்காட்சியகத்தில் சுமார் 23 மீட்டர் நீள ஓட்டோவியம் ஒன்று, 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பன் நகரத்தைக் காட்டுகிறது.