கூண்டில் ஏறிய கதைமாந்தர்

தமிழில் இலக்கிய விமர்சனம் என்று அதிகம் பேர் காது கொடுத்துக் கேட்டது பட்டிமன்றத்தைத்தான். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பிறகு பல ஊர்களில் கம்பன் விழாக்கள் வந்தன. குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர்ந்தார்கள். கும்பகருணனா வீடணனா, கண்ணகியா மாதவியா, வாலியை மறைந்து நின்று கொன்றது அறமா என்று இரு அணிகள் மோதின. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வீடு திரும்பும் வழியில் வாலிக்காக வாதாடினார் என்றால் அது சிறிய சாதனை அல்ல. ஆனால் கதைமாந்தரைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பு சொல்லும் அந்த மேடைப் பழக்கம் நம் எழுத்து விமர்சனத்துக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

நம் பழைய இலக்கணம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன், தலைவி எவருக்கும் இயற்பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. தலைவி, தோழி, செவிலி, பரத்தை என்று உறவும் இடமும்தான் உண்டு. ஆளுக்கென்று தனி வரலாறு கிடையாது. யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சூழலில் என்பதிலிருந்தே மனம் புலப்பட வேண்டும். இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. பிரிவில் வாடும் அரசியும் பாசறையில் தூங்காத அரசனும் பெயரில்லாமலே வருகிறார்கள். ஆனாலும் வேலில் கட்டிய வேப்பமாலை பாண்டியனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்பதால் நச்சினார்க்கினியர் அதைப் புறத்திணையில் சேர்த்துவிட்டார். ஒரு பூ ஆளை அடையாளம் காட்டினால் பாட்டின் பொருளே மாறிவிடும் என்று நினைத்த மரபு அது. மாந்தரையும் பொருளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

மாந்தரைத் தனி ஆளாக எடுத்து உளவியல் பேசும் முறை நமக்கு ஆங்கிலக் கல்வி வழியே வந்தது. 1904-இல் வெளிவந்த ஏ. சி. பிராட்லியின் ஷேக்ஸ்பியர் துன்பியல் நூல் கல்லூரிகளை ஆண்ட காலம் அது. வ. வே. சு. ஐயர் 1920-களின் தொடக்கத்தில் சிறையில் இருந்தபோது கம்பராமாயண ஆய்வை ஆங்கிலத்தில் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோருக்கு எதிரே கம்பனை நிறுத்தினார். அ. ச. ஞானசம்பந்தனின் 'இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்' தலைப்பிலேயே துன்பியல் நாயகனின் உருவத்தைச் சொல்லிவிடுகிறது. இவை உழைப்பும் ரசனையும் சேர்ந்த நூல்கள். இங்கிலாந்திலோ 1933-லேயே எல். சி. நைட்ஸ், மேக்பெத் சீமாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேலியாகத் தலைப்பிட்டுப் பிராட்லி வழியைக் கிண்டலடித்துவிட்டார். நாடகம் சொற்களால் ஆனது. அதில் வருகிறவருக்கு அந்தச் சொற்களுக்கு வெளியே வாழ்க்கை கிடையாது என்பது அவர் வாதம். அந்தக் கேலி நம் தமிழ்த் துறைகளின் வாசலுக்குள் நுழையவே இல்லை. 'இன்னாரின் நாவல்களில் பாத்திரப் படைப்பு' என்ற தலைப்பில் ஆய்வேடுகள் குவிந்தன: தலைமை மாந்தர், துணை மாந்தர், எதிர்நிலை மாந்தர், ஒவ்வொருவரின் குணநலன்கள். பலவற்றைப் படித்தால் நடத்தைச் சான்றிதழ் வாசிப்பதுபோல இருக்கும்.

மறுபக்கம், கருப்பொருள் வழி வந்தவர்கள். க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் நாவலை அது பிறந்த சமூகத்தோடு சேர்த்துப் படித்தார்; நாவல் என்ற வடிவம் ஏன் அந்தக் காலத்தில் வந்தது என்ற கேள்விக்கே அந்நூல் பெரும் பங்களிப்பு. ஆனால் அந்த மார்க்சியப் பள்ளியின் சுமாரான சீடர்கள் கையில் மாந்தர் வர்க்கத்தின் முகவர்களாகச் சுருங்கினார்கள். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா அலசல் விமர்சனம் என்று வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். அதை மேற்கொண்டு செய்யப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

மாந்தரும் கருப்பொருளும் எங்கே பிணைகின்றன என்று பார்க்கத் தமிழிலேயே ஓர் அருமையான சோதனைக்கூடம் இருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுப்போனதாகக் கதறும் மகளை அம்மா முதலில் அடிக்கிறாள். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்ததும் சமாளித்து மறைக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஜெயகாந்தன் பிறகு எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே அம்மா கூச்சலிட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். நாவலில் கங்கா என்று பெயர் பெறும் அந்த மகளை அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். வேலைக்குப் போகும் பெண்ணான பின் கங்கா, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய கதையைப் படிக்கிறாள். அது அவளுடைய கதைதான். ஆனால் அதில் வரும் அம்மா வேறு.

இங்கே அம்மா நல்லவளா கெட்டவளா என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. சிறுகதை அம்மாவும் முதலில் அடித்தவள்தான். நாவல் அம்மாவும் மகள்மீது பாசம் இல்லாதவள் அல்ல. இருவர் குணமும் ஏறக்குறைய ஒன்று. வேறுபடுவது ஒரு கணச் செயல்: ஒருத்தி கதவைச் சாத்தினாள், இன்னொருத்தி திறந்துவிட்டாள். அதிலிருந்து ஒரு கதை மன்னிப்பைப் பற்றியதாகிறது. மற்றது, ஊர் வைத்த பெயரைச் சுமந்து வாழ்வதைப் பற்றியதாகிறது. தனக்கு வாய்த்திருக்கக்கூடிய அம்மாவைக் கங்கா அச்சில் படிப்பது, என் பார்வையில், தமிழ் நாவலின் மிகக் கூர்மையான தருணங்களில் ஒன்று. குணநலப் பட்டியல் போடும் ஆய்வாளர் இதைத் தவறவிடத்தான் செய்வார்.

புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் (1943) செய்ததும் ஒரு விமர்சனம்தான். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேள்விப்பட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். ராமன் சரியா தவறா என்று மேடையில் நூறு பேர் பேசியதைவிட, அந்தச் செய்தி யார் காதில் விழுகிறது என்று அவர் தேர்ந்தெடுத்த இடம் அதிகம் சொல்கிறது.

அம்பை தமிழ்ப் பெண் எழுத்தாளர்களை ஆராய்ந்து 1984-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலும், ராஜ் கௌதமன் தலித் நோக்கில் பழைய இலக்கியங்களைப் படித்த முறையும் வேறொரு கேள்வியைக் கொண்டுவந்தன: இந்த மாந்தர் யாருடைய வசதிக்காக இப்படிப் படைக்கப்பட்டார்? இதுவும் வழக்காடல்தான் என்பார்கள் சிலர். ஒப்பமாட்டேன். இங்கே விசாரிக்கப்படுவது படைப்பின் பார்வை. அதற்குள் வாழும் ஆள் அல்ல.

அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் குணங்களின் பட்டியலை ஒருமுறை ஒதுக்கிவைக்கட்டும். ஜெயகாந்தனின் அந்தச் சிறுகதையையும் நாவலையும் அருகருகே வைத்துக்கொண்டு, அம்மா வரும் பக்கங்களை மட்டும் முதலில் படியுங்கள்.