செம்மண் சடக்கில் ஐந்து மாதம்: 480 வெள்ளி மவுண்டன் பைக்

வாங்கியிருக்கக் கூடாது. தீர்ப்பைக் கடைசியில் சொல்வதுதான் வழக்கம். ஆனால் இதைப் படிக்கிறவர்களில் ஒருவர் இன்று மாலையே சைக்கிள் கடைக்குப் புறப்படுகிறவராக இருக்கலாம். அவருக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சடக்கில் ஓட்டுவதற்கென்று 500 வெள்ளிக்குள் ஒரு புது மவுண்டன் பைக்கை வாங்காதீர்கள். நான் வாங்கினேன், ஐந்து மாதம் ஓட்டினேன். என்ன நடந்தது என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

சிலிம் ரிவரில் இருக்கிறவனுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஊரைத் தாண்டினால் எந்தப் பக்கமும் தோட்டம்தான். ஒரு காலத்தில் பால் மரம் நின்ற இடமெல்லாம் இன்று செம்பனை. மரம் மாறினாலும் சடக்கு மாறவில்லை. குலை ஏற்றும் லோரிகள் உழுது வைத்த செம்மண் பாதைகள், சின்னச் சின்ன மேடுகள், ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு பலகைப் பாலம். காலை ஆறரைக்கு மட்டைகளின் நடுவே பனி இறங்கி நிற்கும்போது அந்தப் பாதையில் சைக்கிள் மிதிப்பதைவிட நல்ல உடற்பயிற்சி எனக்குத் தெரியவில்லை. உலு சிலிம் வெந்நீர் ஊற்று வரைக்கும் ஒரு நாள் மிதித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. அதற்காகத்தான் தைப்பூசம் முடிந்த வாரம் இணையத்தில் 480 வெள்ளி கட்டினேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொல்வதால் உங்களுக்குப் பயனும் இல்லை. இதே சட்டம், இதே பாகங்கள் வேறு வேறு ஸ்டிக்கரோடு வேறு வேறு பெயரில் விற்கின்றன. இரும்புச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், 21 கியர், முன்னும் பின்னும் கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். பெட்டியில் வந்தபோது ஹேண்டல், முன் சக்கரம், சீட், பெடல் மட்டும் பூட்ட வேண்டியிருந்தது. வீட்டுத் தராசில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் தூக்காமலும் நின்று பார்த்ததில் 17.4 கிலோ. சட்டத்தின் அடியில் விரல் அகலத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. தார்ச் சாலைக்கு மட்டுமே உகந்தது, மேடு பள்ளங்களில் ஓட்டக் கூடாது என்று பொடி ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாதம் சேற்றைத் துடைக்கும்போதுதான் அதைப் படித்தேன். மலை சைக்கிள் என்று விற்று, மலையில் ஓட்டாதே என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சட்டம் உடையவில்லை, பற்றவைத்த இடங்களில் விரிசலும் இல்லை. டயரின் பட்டைகள் ஈரச் செம்மண்ணை நன்றாகப் பிடித்தன. தாமானுக்குள் கடைக்குப் போய் வர, பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டு வர, இந்த சைக்கிள் தாராளமாகப் போதும். அந்த வேலைக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

தொல்லை முதலில் பின் சக்கரத்தில் ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் சக்கரம் ஒரு பக்கமாக ஆடியது. கம்பி தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பட்டணத்துச் சீனர் கடையில் அங்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சை வெளியே இழுத்து, கண்ணாடி மேசையின் மேல் உருட்டிக் காட்டினார். நேரான அச்சு சத்தமில்லாமல் உருளும். என்னுடையது நொண்டி நொண்டி உருண்டது. வளைந்துவிட்டது. 25 வெள்ளிக்குப் புது அச்சு போட்டார். ஆறு வாரத்தில் அதுவும் வளைந்தது.

ஏன் என்று அவர் மலாயில் பொறுமையாக விளக்கினார். மலிவு சைக்கிள்களில் பின் பல்சக்கரத் தொகுதியை ஹப்பின் மேல் அப்படியே திருகி ஏற்றுகிறார்கள். அதற்கு ஃப்ரீவீல் என்று பெயர். ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஏழு பல்சக்கரம் வந்ததும் தொகுதி அகலமாகிவிட்டது. வலப்பக்க பேரிங் அதற்கு உள்ளே தள்ளிப்போய், அச்சின் வலது முனை தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கிறது. இரண்டு தூணுக்கு நடுவே வைக்க வேண்டிய பாரத்தைத் தூணுக்கு வெளியே நீட்டிய பலகையின் நுனியில் வைத்தது போல. தார்ச் சாலையில் தாக்குப்பிடிக்கும். 75 கிலோ ஆள் செம்மண் பள்ளத்தில் இறங்கினால் வளையும். இதற்கு மாற்று ஒன்றும் புதிதல்ல. பல்சக்கரத்துக்கு உள்ளேயே பேரிங்கை வலது ஓரத்துக்குக் கொண்டுபோகும் ஃப்ரீஹப்பை ஷிமானோ 1978-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியும் இந்த மாதிரி மலிவு சைக்கிளுக்கு அது வந்து சேரவில்லை.

பிரேக் விஷயத்தில் நான் பயந்துபோனேன். டிஸ்க் என்ற சொல்லைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன். இந்த வகை பிரேக்கில் ஒரு பக்கத்துப் பேட் மட்டுமே நகர்ந்து தட்டை மறுபக்கத்துப் பேட்டோடு அழுத்தும். கேபிள் நீள நீள, பேட் தேயத் தேய, லீவர் கைப்பிடியை நோக்கி வந்துகொண்டே இருக்கும். பிற்பகல் மழைக்குப் பிறகு ஒரு நாள், ஓடையை நோக்கி இறங்கும் சரிவில் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. சைக்கிள் நிற்கவில்லை. பாதையோரம் அடுக்கியிருந்த செம்பனை மட்டைகளுக்குள் திருப்பி விட்டுத்தான் நிறுத்தினேன். மட்டையின் அடிப்பக்கம் முழுக்க முள். முழங்கையில் நாலு முள், முன் டயரில் இரண்டு. எங்கள் பக்கம் மட்டை முள்தான் சைக்கிளுக்கு முதல் எதிரி. ஐந்து மாதத்தில் நாலு டியூப் மாற்றியிருக்கிறேன். அதில் சைக்கிளின் மேல் பழி போட மாட்டேன். நிற்காததற்குப் போடுவேன்.

ஃபோர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது, அதன் துள்ளலை அடக்கும் எண்ணெய் அமைப்பு இல்லை. பள்ளத்தில் இறங்கும், அடுத்த நொடி கைப்பிடியை மேலே உதைக்கும். மேடேறும்போது காலில் போடும் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிக்கொள்ளும். 21 கியரில் ஒழுங்காக விழுந்தது ஏழோ எட்டோ. இன்றைய நல்ல மலை சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் ஒரே பல்சக்கரம், மொத்தம் 12 கியர்தான். எண்ணிக்கையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

நாலாம் மாதம் இடது கிராங்க் கழன்று மண்ணில் விழுந்தது. பெடலைத் தாங்கும் அந்தக் கையைச் சதுர முனை கொண்ட அச்சில் அழுத்தி ஏற்றி நட்டால் இறுக்கியிருப்பார்கள். நட்டு தளர்ந்திருக்கும்போது கொஞ்ச தூரம் மிதித்தாலே சதுர ஓட்டை தேய்ந்து அகன்றுவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, புதிதுதான் வாங்க வேண்டும். அன்று நாலு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் வருந்துவது இந்தப் பாகங்களுக்காக அல்ல. இத்தனை நாளும் குறை என் உடம்பில் இருப்பதாக நம்பியிருந்தேன், அதற்காகத்தான். ஊருக்கு மேற்கே ஒரு மேடு இருக்கிறது, 200 மீட்டர் நீளம்கூட இராது. அதன் பாதியில் ஒவ்வொரு முறையும் இறங்கித் தள்ளுவேன். வயதாகிவிட்டது, இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்து இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவே இல்லை. பள்ளி நாள் நண்பன் ஒருவன் விசாரிக்க வந்தவன், "அதே மேடுதான், என் சைக்கிள்ல ஒரு தடவ ஏறிப் பாரு" என்றான். அவனுடையது புதிதல்ல. பெயர் பெற்ற கம்பெனியின் பழைய அலுமினியச் சட்டம், எட்டுப் பல்சக்கரம், ஃப்ரீஹப், எண்ணெயில் இயங்கும் பிரேக். 750 வெள்ளிக்கு வாங்கியது. மேட்டின் உச்சியில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது, ஆனால் நான் சைக்கிளின் மேல் இருந்தேன். இறங்கும்போது ஒரே விரலில் பிரேக் பிடித்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு சைக்கிள் இராது. அதனால் மலிவுச் சாமானின் குறையையெல்லாம் தன் குறையாக எடுத்துக்கொள்வான். எத்தனை பேர் அப்படியே விட்டிருப்பார்கள்!

பழசு நல்லது, புதுசு கெட்டது என்று சொல்ல வரவில்லை. கனமும் குற்றமில்லை. என் தாத்தா இதே பக்கத்தில் பால் வெட்டியவர். அவர் சைக்கிள் என்னுடையதைவிடக் கனமாகத்தான் இருந்திருக்கும். கியர் கிடையாது, இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக். கேரியரின் இரண்டு பக்கமும் பால் டின்களைக் கட்டி, விடிகாலையில் வெட்டிய பாலை இதே செம்மண் பாதையில் ஸ்டோருக்குக் கொண்டுபோவார். ஒரு ஸ்பானர், ஒரு டப்பா கிரீஸ், ஒரு சைக்கிள் பம்பு, இவ்வளவுதான் அவரது பட்டறை. எந்தப் பாகத்தையும் லயத்து வாசலில் பிரித்து மறுபடி பூட்டிவிடுவார் என்று அப்பா சொல்வார்.

மவுண்டன் பைக் பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1976-இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பல பத்தாண்டு பழைய, கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, ஒரு மண் பாதையில் கீழே பந்தயம் விட்டார்கள். பின் ஹப்பிலேயே பிரேக் இருந்தது. இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் அதன் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைத் திறந்து புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். கிரீஸை மறுபடி அடைப்பதைக் குறிக்கும் 'ரீபேக்' என்ற சொல்லே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது. திறக்க முடிந்ததால்தான் அந்தப் பழைய சைக்கிள்கள் மறு பந்தயத்துக்கும் வந்தன.

நம் ஊர்ச் சடக்கிலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1941 டிசம்பரில் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கிய ஜப்பானியப் படை சைக்கிளில் தெற்கே வந்தது. 1942 ஜனவரி 7 விடியலுக்கு முன் சிலிம் ரிவர் சண்டையில் முன்னே வந்தவை டாங்கிகள். ஆனால் அந்தப் படை மலாயாவை அவ்வளவு வேகமாகக் கடந்ததற்கு ஆயிரக்கணக்கான சைக்கிள்களும் ஒரு காரணம். போருக்கு முன்பே ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவில் நிறைய விற்றிருந்ததால், கெட்டுப்போனால் உதிரிப்பாகம் போகிற வழியிலேயே கிடைத்தது என்று அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்ட அதிகாரிகளில் ஒருவரான மசனோபு சுஜி எழுதிவைத்திருக்கிறார். அந்தப் படையால் தோட்டத்து மக்கள் பட்டதும் ஜப்பானியர் போடவைத்த சயாம் ரயில் பாதையில் நம்மவர்கள் மடிந்ததும் இங்கே ஒரு வரியில் அடங்காது. சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பக்கத்துப் பட்டணத்தில் பாகம் கிடைக்கிற சைக்கிள்தான் ஓடும். என் கிராங்குக்குப் பொருந்தும் அளவு சிலிம் ரிவரில் இல்லை, தஞ்சோங் மாலிமிலும் இல்லை. கடைசியில் இணையத்தில் வாங்கி 12 நாள் காத்திருந்தேன்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அச்சு 25 வெள்ளி, டியூப் நாலுக்கும் 48, பிரேக் பேட் 36, கிராங்க் 40, வேறு வழியில்லாமல் மாற்றிய பின் சக்கரம் 90, கடைக் கூலி 60. ஆக 299. வாங்கிய விலையோடு 779 வெள்ளி. நண்பனின் சைக்கிளைவிட 29 வெள்ளி அதிகம் கொடுத்துவிட்டு, அதே ஃப்ரீவீலும் அதே பிரேக்கும் கொண்ட வண்டியைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2022-இல் அமெரிக்க சைக்கிள் மெக்கானிக்குகள் ஒரு கோரிக்கை மனுவை முன்வைத்தார்கள். கெட்டுப்போவதற்கென்றே செய்ததுபோன்ற சைக்கிள்களை விற்பதை நிறுத்துங்கள், குறைந்தது 500 மணி நேரமாவது ஓடும் சைக்கிளைச் செய்யுங்கள் என்று கேட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் 500 மணி நேரம் என்பது ஒன்றரை ஆண்டுகூட இல்லை. அதையே மனுப்போட்டுக் கேட்க வேண்டிய நிலையில்தான் இந்த வியாபாரம் இருக்கிறது.

கையில் 500 வெள்ளிதான் இருக்கிறது என்றால், ஒன்று, இன்னும் இரண்டு மாதம் சேர்த்துப் பெயர் பெற்ற கம்பெனியின் பழைய சைக்கிளைத் தேடுங்கள். அல்லது ஸ்பிரிங் ஃபோர்க்கும் டிஸ்க்கும் இல்லாத, ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் வைத்த எளிய சைக்கிளை எடுங்கள். அந்த விலையில் ஸ்பிரிங்குக்கும் டிஸ்க்குக்கும் போகாத பணம் சக்கரத்துக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவு சைக்கிளைத் தொடவே வேண்டாம். பெட்டியில் வந்தால், பூட்டியதும் ஒரு கடையில் கொடுத்து கிராங்க் நட்டையும் பிரேக்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஓட்டியபின் இன்னொரு முறை.

கடையில் நின்றபடி, ஒரு கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சீன அங்கிள் எனக்குக் காட்டியது. பின் பல்சக்கரத் தொகுதியின் நடுவில், அதைக் கழற்றும் கருவி பொருந்துவதற்கான பற்கள் கொண்ட வளையம் இருக்கும். தொகுதியைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். அந்த வளையமும் சேர்ந்து சுற்றினால் அது ஃப்ரீஹப், மேற்கொண்டு விலை பேசலாம். பல்சக்கரம் மட்டும் சுற்றி வளையம் அசையாமல் நின்றால் அது ஃப்ரீவீல். தோட்டத்துப் பாதைக்கென்று தேடுகிறீர்களானால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.