‘ஸாமி இரத்தம்’: யார் காக்கும் பண்பாடு?

அமண்டா கேர்னெல் இயக்கி 2016இல் வெளிவந்த ‘ஸாமேப்லூட்’ (‘ஸாமி இரத்தம்’) என்ற சுவீடன் நாட்டுத் திரைப்படத்தைப் பார்த்தவர்களோடு கதைத்தால் பேச்சு ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறது. எல்லே-மரியா என்ற அந்தப் பிள்ளை தன் இனத்தை விட்டுப் போனது துரோகமா, விடுதலையா? கேள்வியே பிழை எண்டுதான் எனக்குப் படுகிறது. போனவளை விசாரிக்கிறோம், அவளை அந்தச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்தியவர்களை விட்டுவிடுகிறோம்.

ஸாமி மக்கள் நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபுலத்திலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் ஆதிக்குடிகள். எல்லே-மரியாவின் குடும்பம் துருவக் கலைமான்களை மேய்த்து வாழ்வது. கதை நடப்பது 1930களில். ஆனால் படம் தொடங்குவது பல பத்தாண்டுகள் கழித்து. கிறிஸ்டினா என்ற முதியவள், தங்கையின் அடக்கத்துக்கு மகனின் வற்புறுத்தலால் மனமின்றி வருகிறாள். அங்குள்ளவர்கள் அவளோடு ஸாமி மொழியில் கதைக்கிறார்கள், அவளோ விளங்காதவள் போல இருக்கிறாள். இந்தக் கிறிஸ்டினாதான் அந்த எல்லே-மரியா. ‘கிறிஸ்டினா’ அவளுக்குப் படிப்பித்த ஆசிரியையின் பெயர்!

வருஷக்கணக்காகப் படிப்பித்து வருகிற எனக்கு இந்த ஆசிரியைதான் படத்தின் மிகச் சிக்கலான பாத்திரம். அவள் கொடுமைக்காரி அல்ல. வகுப்பில் ஸாமி மொழி பேசினால் தண்டிக்கிறாள்தான். ஆனால் எல்லே-மரியா கெட்டிக்காரி என்று கண்டுகொள்பவளும் அவளே. மேலே படிக்க வேண்டும், தானும் ஆசிரியையாக வேண்டும் என்று அந்தப் பிள்ளை வந்து நிற்கும்போது அவள் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: உங்கள் ஆட்களுக்கு நகரம் சரிவராது, அதற்கான மூளை உங்களுக்கு இல்லை, நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழிந்துபோவீர்கள். அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, அக்கறையாகச் சொல்கிறாள்.

அந்த அக்கறைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. நோர்வே தன் ஸாமிப் பிள்ளைகளை நோர்வேஜியர்களாக மாற்றப் பார்த்தது. சுவீடன் 1913இல் கொண்டுவந்த ‘நாடோடிப் பள்ளி’ முறையோ எதிர்த்திசையில் போனது. கலைமான் மேய்ப்பவரின் பிள்ளைகள் மேய்ப்பவராகவே இருக்கட்டும் என்று, அவர்களுக்கு வேறு பள்ளியும் குறைந்த கல்வியும் ஒதுக்கப்பட்டன. ‘லாப் லாப்பாகவே இருக்க வேண்டும்’ என்பது அந்தக் காலத்துக் கோஷம் (‘லாப்’ என்பது ஸாமியரை இழிவாகச் சுட்டும் சொல்). பண்பாட்டைக் காப்பதென்ற பெயரிலேயே வேலி போட்டார்கள். அதனால்தான் ‘அவள் பண்பாட்டைக் கைவிட்டாள்’ என்று சும்மா சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அவள் எதிர்த்தது, அவளுடைய பண்பாட்டுக்குச் சுவீடன் அரசு எழுதிக்கொடுத்த வரைவிலக்கணத்தை.

உப்சாலாவிலிருந்து வரும் ஆய்வாளர்களின் காட்சியும் இதோடு சேர்ந்ததுதான். அங்கே அரசின் இன உயிரியல் நிறுவனம் 1922இலேயே திறக்கப்பட்டிருந்தது. மாணவிகளின் மண்டையை அளக்கிறார்கள். பிறகு உடுப்பைக் கழற்றச் சொல்லிப் படம் பிடிக்கிறார்கள். யன்னலுக்கு வெளியே ஊர்ப் பையன்கள் நின்று பார்க்கிறார்கள். பின்னர் அதே பையன்கள் அவளைப் பிடித்து, கலைமானுக்கு அடையாளம் வெட்டுவதுபோல, அவள் காதைக் கத்தியால் வெட்டுகிறார்கள். படித்தவர்கள் கருவிகளோடு செய்ததைப் பையன்கள் கத்தியோடு செய்கிறார்கள். இதைக் கேர்னெல் ஒரு வசனமும் இல்லாமல் விளங்கவைக்கிறார்.

இன்னொரு காட்சி, உப்சாலாவில் நடக்கும் விருந்து. மானிடவியல் படிக்கும் இளம் பெண்கள், அவள் ஸாமி என்று தெரிந்ததும் ‘யொய்க்’ பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். யொய்க் ஸாமியரின் மரபான பாட்டு. வகுப்பில் மொழிக்குத் தடை, விருந்தில் பாட்டுக்கு ஆசை. அவளை ஒரு மனுசியாகப் பார்க்க இரண்டு இடத்திலும் ஆளில்லை.

இவ்வளவு பாராட்டியும் படத்தோடு எனக்கொரு வழக்கு உண்டு. தங்கை ஞென்னா ஊரிலேயே இருந்து, மொழியையும் மந்தையையும் காத்தவள். படம் தொடங்கும்போதே அவள் மையித்தாகிவிடுகிறாள். நடன விருந்தில் அக்காவைத் தேடி வரும் ஞென்னாவை, அக்கா தெரியாதவள்போல ‘லாப்’ என்று ஏசுகிற இடம் நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் அதற்குப் பிறகான ஞென்னாவின் ஐம்பது, அறுபது வருஷம் எங்கே? போனவளின் வலி முழுப் படம், இருந்தவளின் உழைப்பு ஒரு ஜனாஸா.

வரலாறு இப்படி இரண்டே கதவுகளோடு இருக்கவில்லை. 1877இல் பிறந்த எல்சா லாவுலா ரென்பெர்க் இதே தென் ஸாமிப் பிரதேசத்துப் பெண். ஸ்டொக்ஹோமில் மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றவர். 1904இல் தன் மக்களின் நில உரிமைக்காகச் சிறுநூல் எழுதினார். 1917 பெப்ரவரி 6ஆம் திகதி துரொண்ட்ஹைமில் கூடிய முதல் பெரிய ஸாமி மாநாட்டின் பின்னால் நின்ற முதன்மையானவரும் அவரே. அந்த நாள்தான் இன்று ஸாமியரின் தேசிய தினம். நகரத்தில் படித்துவிட்டுத் தன் மக்களுக்காகப் பேசவும் ஒரு பெண்ணால் முடிந்திருக்கிறது. அவர் படித்தது நாடோடிப் பள்ளிச் சட்டத்துக்கு முன்னால் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரில் இருந்தவளுக்கும் பாதை லேசாக இருக்கவில்லை. சுவீடனின் 1928ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேய்ச்சல் உரிமையில்லாத ஆணை மணந்த ஸாமிப் பெண் தன் உரிமையை இழந்தாள். அவளுடைய நானாவோ தம்பியோ வெளியில் மணமுடித்தால் எதையும் இழக்கவில்லை. இந்தப் பக்கத்தைத் தொட்டவர் ஆன்-ஹெலேன் லேஸ்டாடியஸ். 2021இல் வந்த அவருடைய ‘ஸ்டோல்ட்’ (‘திருட்டு’) நாவலில், ஒன்பது வயது எல்சா தன் கலைமான் கன்றை ஒருவன் கொல்வதைக் காண்கிறாள். கொன்றதைப் பொலிஸ் வெறும் திருட்டாகப் பதிகிறது. வளர்ந்த எல்சா அந்தப் பொலிஸோடு மட்டுமல்ல, பெண்ணின் சொல்லுக்கு இடம் கொடுக்காத தன் சொந்த ஆண்களோடும் மல்லுக்கட்டுகிறாள். ஞென்னாவின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று நான் ஊகித்துக்கொண்டது இந்த நாவலிலிருந்துதான்.

படத்தைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில உபதலைப்பில் சுவீடிஷும் தென் ஸாமியும் ஒரே மொழிபோலத் தெரியும். எழுத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போகாதீர்கள். தென் ஸாமி பேசுவோர் இன்று சில நூறு பேர்தான். சகோதரிகளாக நடித்த இருவரும் நிஜத்திலும் சகோதரிகள், கலைமான் மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள், அந்த மொழி பேசுபவர்கள். எல்லே-மரியா எந்த இடத்தில் எந்த மொழிக்கு மாறுகிறாள் எண்டு காதால் கேளுங்கள்.